பெரிய அமைப்போடு சேரலாமா? சிறிய அறிவியல் சங்கங்களின் புதிய பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏரிகளில் பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள், பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து வியாழனைக் காட்டுபவர்கள், கணிதப் புதிர் இதழ் நடத்தும் ஆசிரியர்கள் என நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து நடத்தும் ஓர் அறிவியல் சங்கத்தில் நீங்கள் அண்மையில் செயலாளராகவோ பொருளாளராகவோ பொறுப்பேற்றிருக்கலாம். அப்படியானால் இன்றோ நாளையோ ஒரு கடிதம் வரும். தேசிய அளவிலான ஒரு சங்கமோ, பெரிய அறக்கட்டளையோ, பல்கலைக்கழகத் துறையோ உங்களோடு இணைந்து செயல்பட விரும்புவதாக எழுதியிருக்கும். செயற்குழுவில் சிலர் அதை அங்கீகாரமாக எண்ணி மகிழ்வார்கள். சிலர் நம் சங்கமே காணாமற்போய்விடும் என்று அஞ்சுவார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட ஒரு வேலைக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, சங்கத்தின் பெயர், தரவு, உறுப்பினர் பட்டியல் ஆகிய மூன்றையும் தன்னிடமே வைத்துக்கொண்டு சேர முடியுமானால், சிறிய சங்கம் தயங்காமல் சேரலாம். அந்த மூன்றில் ஒன்றைக் கொடுத்தால்தான் சேர முடியும் என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் மறுத்துவிடுவது நல்லது. கீழே உள்ள படிகள் இந்த முடிவை எப்படிச் சோதித்துப் பார்ப்பது, எப்படி எழுத்தில் கொண்டுவருவது என்பதைப் பற்றியவை.

முதல் படி: குறையை எழுதுங்கள்

பேச்சுவார்த்தைக்குப் போவதற்கு முன் செயற்குழுவைக் கூட்டி, கடந்த இரண்டு ஆண்டுகளில் செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். இதழ் அச்சாகாமல் நின்றது, கருவி வாங்கப் பணம் இல்லாதது, கணக்கெடுப்பு விவரங்களைப் பகுத்துப் பார்க்கப் புள்ளியியல் தெரிந்தவர் கிடைக்காதது, வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பித்துப் பதில் வராதது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கட்டும். "வளர்ச்சி", "விரிவாக்கம்" போன்ற பொதுச் சொற்கள் அந்தத் தாளில் வேண்டாம். பெரிய அமைப்பு தர முன்வருவது உங்கள் பட்டியலில் உள்ள எந்த வரியைத் தீர்க்கிறது என்று சுட்டிக்காட்ட முடியாவிட்டால், அந்த உறவினால் உங்களுக்குக் கூட்டங்கள் கூடுமே தவிர வேலை நடக்காது.

இந்தப் பயிற்சிக்கு ஒரு நல்ல முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. மாவு, பசை, பெயின்ட் போன்ற பொருள்கள் எப்படி நெகிழ்ந்து ஓடுகின்றன என்று ஆராய்பவர்கள் 1929 இல் ரியாலஜி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தில் இதழ் அச்சிடும் செலவைத் தாங்குவது இயற்பியல் சங்கங்கள் எல்லாவற்றுக்குமே கடினமானது. 1931 இல் அமெரிக்க இயற்பியல் சங்கம், ஒளியியல் சங்கம், ஒலியியல் சங்கம், இயற்பியல் ஆசிரியர் சங்கம் ஆகிய நான்கோடு ரியாலஜி சங்கமும் சேர்ந்து அமெரிக்க இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கின. அவற்றில் அமெரிக்க இயற்பியல் சங்கம் 1899 முதல் இயங்கி வந்த பெரிய அமைப்பு. ரியாலஜி சங்கம் இரண்டு வயதுக் குழந்தை. அச்சிடுவதும் விற்பதும் சந்தா வசூலிப்பதும் பொதுவாயின. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் உறுப்பினரைச் சேர்ப்பதும் அந்தந்தச் சங்கத்திடமே இருந்தன. எது குறை என்று தெளிவாகத் தெரிந்ததால், அந்தக் குறையை மட்டும் பொதுவில் வைக்க அவர்களால் முடிந்தது.

ஆனாலும் அந்தக் கூட்டு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. ரியாலஜி சங்கத்தின் இதழ் 1932 உடன் நின்றது. தன் பெயரில் மீண்டும் ஆய்வுத் தொகுதி வெளியிட 1957 வரை ஆயிற்று. இதழுக்குப் பழைய பெயர் திரும்பியது 1978 இல்தான். சங்கம் மட்டும் கலையாமல் நின்றது, இன்றும் தனிச் சங்கமாகவே இயங்குகிறது. கூட்டுறவிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் படி: உங்களிடம் உள்ளதை எழுதுங்கள்

புதிய பொறுப்பாளர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இது. பெரிய அமைப்பு ஒரு காரணமும் இல்லாமல் உங்களைத் தேடி வராது. உங்களிடம் உள்ள ஏதோ ஒன்று அவர்களிடம் இல்லை. பத்து ஆண்டுகளாக ஒரே கண்மாயில் ஒவ்வொரு ஜனவரியிலும் எடுத்த கணக்கு, ஊர்த் தலைவரிடமும் நீர்ப்பாய்ச்சுபவரிடமும் உள்ள பழக்கம், உள்ளூர்ப் பெயர்களைத் தெரிந்த மூத்த உறுப்பினர், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு அழைத்தால் வந்து நிற்கும் இருபது பேர் ஆகியவற்றுக்கெல்லாம் மதிப்பு உண்டு.

சிறிய சங்கத்தின் மதிப்பைப் பற்றி ஐயம் இருப்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் 1907 இல் சில கணித ஆர்வலர்களைச் சேர்த்துத் தொடங்கிய குழுவே பின்னர் இந்தியக் கணிதச் சங்கம் ஆயிற்று. பட்டம் பெறாத, நிலையான வேலை இல்லாத சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911 இல் அந்தச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அதே இதழில் அவர் கணிதக் கேள்விகளை விடுத்து வாசகர்களை விடை எழுத அழைத்தார். லண்டனும் கேம்பிரிட்ஜும் அவர் பெயரைக் கேட்கும் முன்னரே, தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன ஒரு சங்கம் அவருக்குப் பக்கங்களை ஒதுக்கியது. அறிமுகம் இல்லாத ஒருவரை நம்பி இடம் கொடுக்கும் அந்த விரைவு சிறிய சங்கத்தின் சொத்து. எந்தக் கூட்டுறவும் அதைக் குறைக்கக்கூடாது.

மூன்றாம் படி: எந்த அளவு உறவு என்று முடிவு செய்யுங்கள்

"கூட்டுறவு" என்ற ஒரே பெயரில் மிக வேறுபட்ட பல உறவுகள் வருகின்றன. மிக எளியது, ஒரு நிகழ்ச்சியைச் சேர்ந்து நடத்துவது. அழைப்பிதழில் இரண்டு பெயர்களும் இருக்கும். மறுநாள் இருவரும் அவரவர் வழியில் போகலாம். அதற்கு அடுத்தது தரவைப் பகிர்வது. பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் ஊர்க் குழுக்கள் தங்கள் பட்டியல்களை ஈபேர்ட் தளத்தில் ஏற்றுகின்றன. 2002 இல் தொடங்கிய அந்தத் தளத்தை அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துகிறது. பட்டியலை ஏற்றியவர் தன் பதிவுகள் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை. ஆனால் கணக்கு தனிநபரின் பெயரில் இருக்கிறது. உறுப்பினர் ஊர் மாறிப் போனால் சங்கத்தின் பத்தாண்டு வரலாறு அவர் கணக்கோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் பட்டியல்களின் நகலைச் சங்கத்தின் கோப்பில் சேர்ப்பதை வழக்கமாக்குங்கள்.

மூன்றாவது வகை வெளியீட்டு ஒப்பந்தம். இந்திய அறிவியல் அகாடமி (Indian Academy of Sciences) சி. வி. ராமன் 1934 இல் பெங்களூரில் தொடங்கியது. அதைச் சிறிய அமைப்பு என்று சொல்ல முடியாது. இருந்தும் உலகச் சந்தையில் இதழ்களை விநியோகிக்க 2007 முதல் ஸ்பிரிங்கர் என்ற பன்னாட்டுப் பதிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிடத் தொடங்கியபோது, தன் இணையதளத்தில் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கும் வசதியை அது விட்டுக்கொடுக்கவில்லை. விற்பனையை ஒருவரிடம் ஒப்படைக்கலாம், வாசகர் மீதான பொறுப்பை ஒப்படைக்கக்கூடாது என்ற அந்த நிலையை, ஆண்டுக்கு இரண்டு இதழ் போடும் சங்கமும் கேட்டுப் பெறலாம்.

நான்காவது கூட்டமைப்பு. மேலே சொன்ன இயற்பியல் நிறுவனம் அப்படிப்பட்டது. 1980 இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், பிற மாநிலங்களின் மக்கள் அறிவியல் அமைப்புகளோடு 1988 இல் உருவான அகில இந்தியக் கூட்டமைப்பில் இருந்துகொண்டே தன் பெயரிலும் தன் மொழியிலும் இயங்குவது நமக்குப் பக்கத்திலேயே உள்ள எடுத்துக்காட்டு. சம அந்தஸ்துள்ளவர்களின் கூட்டமைப்பில் சிறியவருக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதால், நீண்ட கால உறவுக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

ஐந்தாவது, பெரிய அமைப்பின் கிளையாகவோ துணைச் சங்கமாகவோ ஆவது. இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். லண்டனில் 1807 நவம்பரில் பதின்மூன்று பேர் ஓர் உணவு விடுதியில் கூடி நிலவியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிரிட்டனின் மூத்த அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸும் அதில் சேர்ந்திருந்தார். 1809 இல் அந்தச் சங்கம் ராயல் சொசைட்டிக்குக் கீழ்ப்பட்ட துணைச் சங்கமாக இருக்க வேண்டும் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. பேங்க்ஸ் அன்று பிரிட்டிஷ் அறிவியலின் மிகச் செல்வாக்குள்ள மனிதர். அவரை மறுப்பது எளிதன்று. ஆனாலும் ஜார்ஜ் பெல்லாஸ் கிரீனோவைத் தலைவராகக் கொண்ட அந்த இளம் சங்கம் மறுத்தது. பேங்க்ஸ் விலகினார், தொடக்கத்திலிருந்தே உடனிருந்த வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் விலகினார். சங்கம் தன் கூட்டங்களையும் வெளியீடுகளையும் தொடர்ந்து நடத்தி, 1825 இல் அரச சாசனமும் பெற்றது.

இதை எடுத்துச் சொல்வதால் எல்லாத் துணை உறவும் தீது என்று பொருளாகாது. புகழ்பெற்றவர்கள் விலகிவிடுவார்களே என்ற அச்சத்தில் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன். கிளையாக ஆனபின் உங்கள் ஆண்டுத் திட்டத்தை யார் இறுதி செய்வார், உங்கள் வங்கிக் கணக்கில் யார் கையெழுத்திடுவார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் "தலைமையகம்" என்று விடை வந்தால், உங்கள் சங்கம் இனி ஓர் அலுவலகம்.

ஆறாவது முழு இணைப்பு. பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கமும் புள்ளியியலாளர் நிறுவனமும் 1993 இல் அப்படி ஒன்றாயின. ஒரே துறையில் ஒரே ஆட்களுக்காக இரண்டு அமைப்புகள் இருந்தால் அது பொருத்தமாக இருக்கலாம். நம் ஊர்ச் சங்கங்களுக்கு அந்த நிலை அரிது.

நான்காம் படி: எதிர்த்தரப்பை விசாரியுங்கள்

அவர்களின் கடந்த மூன்று ஆண்டுகளின் ஆண்டறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவற்றில் பிற சிறிய குழுக்களின் பெயர்கள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். "உள்ளூர்த் தன்னார்வலர்களின் உதவியுடன்" என்று பெயரே இல்லாமல் எழுதியிருந்தால், அடுத்த அறிக்கையில் நீங்களும் அப்படித்தான் வருவீர்கள். முன்பு அவர்களோடு சேர்ந்து வேலை செய்த ஒரு சங்கத்தின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது எல்லா ஆவணங்களையும்விடப் பயன்தரும். பணம் சொன்ன தேதியில் வந்ததா, அறிக்கை வெளியாகும் முன் உங்களுக்குக் காட்டினார்களா, பொறுப்பு அதிகாரி மாறியபோது என்ன ஆனது என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள்.

ஐந்தாம் படி: சட்டமும் பணமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழ்ப் பதிவான சங்கமாக இருந்தால், முதலில் உங்கள் சங்க விதிகளை எடுத்து, வெளி அமைப்போடு ஒப்பந்தம் செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். நோக்கங்களில் இல்லாத வேலைக்கு ஒப்பந்தம் போடக்கூடாது. விதிகளைத் திருத்த வேண்டியிருந்தால் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். விதியில் கட்டாயம் இல்லாவிட்டாலும், ஓராண்டுக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்தையும் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டித் தீர்மானப் புத்தகத்தில் பதிவது நல்லது. செயலாளரும் தலைவரும் மட்டும் அறிந்த ஒப்பந்தம், அவர்கள் மாறியதும் யாருடையதும் இல்லாததாகிவிடும்.

பணத்தில் ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 க்கு 2020 இல் வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை பெற்ற அமைப்பு அந்தப் பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. ஆகவே வெளிநாட்டு நிதியில் இயங்கும் பெரிய அமைப்பு, தன் நன்கொடையில் ஒரு பகுதியை உங்களுக்குத் தருவதாகச் சொன்னால், எந்த நிதியிலிருந்து தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உள்நாட்டு நிதியாக இருந்தால், உங்கள் கணக்கில் அது நன்கொடையாக வரவு வைக்கப்படுமா, சேவைக்கான கட்டணமா என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

ஆறாம் படி: ஒப்பந்தத்தை எழுதுங்கள்

பெரிய அமைப்பு தன் வழக்கமான புரிந்துணர்வு ஒப்பந்தத்தை அனுப்பிக் கையெழுத்திடச் சொல்லும். மரியாதையோடு நன்றி சொல்லிவிட்டு, உங்கள் சொந்த வரைவு ஒன்றை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பெரும்பாலான பெரிய அமைப்புகள் அதைப் படிக்கவும் பேசவும் தயாராகவே இருக்கின்றன. இதுவரை யாரும் கேட்காததால் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

அந்த வரைவில் தரவைப் பற்றிய பத்தியே நீளமாக இருக்க வேண்டும். ஏன் என்பதை ஒரு கண்மாய்க் கணக்கெடுப்பை வைத்துப் பார்க்கலாம். உங்கள் நோட்டில் தேதி, நேரம், வானிலை, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றோடு, மதகு திறந்திருந்ததா, தண்ணீர் எந்தப் படிக்கட்டு வரை நின்றது, மீன் குத்தகைக்காரர் வலை போட்டிருந்தாரா என்ற மூன்று கட்டங்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெரிய அமைப்பின் படிவத்தில் முதல் ஐந்தும் மட்டுமே இருக்கும். அவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே மாதிரித் தரவு வேண்டும். அது நியாயமான தேவை. ஆனால் மஞ்சள் மூக்கு நாரை ஒரு வருடம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த விடுபட்ட மூன்று கட்டங்களில்தான் இருக்கும். ஆகவே அவர்களுடைய படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், உங்கள் நோட்டை நிறுத்தாதீர்கள். மூலப்பதிவு சங்கத்திடம் இருக்கும், நகல் மட்டுமே பகிரப்படும், அந்த நகலை இன்ன நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம், மூன்றாம் தரப்புக்குத் தருவதானால் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று எழுதுங்கள். அரிய உயிரினங்களின் இருப்பிடத்துக்குத் தனி வரி தேவை. மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகு கூடு கட்டிய மரத்தின் துல்லியமான இடக்குறிப்பு ஒரு வரைபடத்தில் வெளியானால், அடுத்த வாரமே கேமராக்களோடு ஆட்கள் அங்கே நிற்பார்கள்.

எழுத்தும் படமும் வரைபடமும் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 19 ஆம் பிரிவு உங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு தருகிறது: உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும், காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். பெரிய அமைப்பின் படிவத்தில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற சொற்கள் இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லாமற்போகிறது. அவற்றை அடித்துவிட்டு, பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும் மூன்று ஆண்டுக்குத் தருவதாக எழுதினால் போதும்.

பெயர் விஷயத்தில் கூச்சப்பட வேண்டாம். பதாகையிலும் அறிக்கையிலும் பத்திரிகைச் செய்தியிலும் உங்கள் சங்கத்தின் பெயர் எங்கே, எந்த அளவில் வரும் என்பதையும், ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால் களத்தில் உழைத்தவர்களில் யார் ஆசிரியர் வரிசையில் இடம்பெறுவார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். கட்டுரை எழுதி முடித்தபின் இதைப் பேசினால் மனக்கசப்பே மிஞ்சும்.

உறுப்பினர் பட்டியலைப் பொறுத்தவரை, கைப்பேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் கொடுக்க வேண்டாம். அவர்களின் அறிவிப்பை நீங்களே உறுப்பினர்களுக்கு அனுப்புவதாகச் சொல்லுங்கள். உறுப்பினர் உங்களை நம்பித் தந்த எண் அது.

ஏழாம் படி: ஒரு பருவம் நடத்திப் பாருங்கள்

முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் இருக்க வேண்டும். 1987 இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி, இப்போது ஆசியாவின் பல பகுதிகளில் ஜனவரி தோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு போன்ற வேலைகள் இதற்கு ஏற்றவை. தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும், செலவு குறைவு, நடந்து முடிந்ததும் மதிப்பிடலாம். இரு தரப்பிலும் ஒவ்வொருவரைத் தொடர்பாளராக நியமியுங்கள். உங்கள் பக்கத்துத் தொடர்பாளர் செயலாளராக இல்லாமல் இருப்பது நல்லது. ஏற்கெனவே சுமை அதிகம் உள்ளவரிடம் இதையும் கொடுத்தால், சங்கத்தின் வழக்கமான மாதக் கூட்டம்தான் முதலில் நின்றுபோகும். நான் கூட்டுறவுகளை எடைபோடப் பயன்படுத்தும் முதல் அளவுகோலும் அந்த மாதக் கூட்டமே. பெரிய திட்டம் வந்தபின் அதற்கு வருபவர்கள் கூடினார்களா, குறைந்தார்களா என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்.

எட்டாம் படி: விலகும் வழியை முதலிலேயே எழுதிவையுங்கள்

எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல் அறுபது நாள் முன்னறிவிப்போடு விலகலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். விலகிய பின் எந்தத் தேதிக்குள் இலச்சினையை இணையதளத்திலிருந்து எடுப்பது, பொதுப் பணத்தில் வாங்கிய இருகண்நோக்கியும் தொலைநோக்கியும் யாரிடம் இருக்கும், பகிர்ந்த தரவின் நகல் என்னவாகும், பாதியில் நிற்கும் கணக்கெடுப்பை யார் முடிப்பார் என்ற நான்குக்கும் விடை எழுதுங்கள். காலம் முடிந்ததும் தானாகவே நீடிக்கும் என்ற வாசகம் இருந்தால் நீக்குங்கள். நீடிப்பதானால் பொதுக்குழு மறுபடியும் வாக்களிக்கட்டும். அந்த வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, எந்த வரிகள் தீர்ந்தன என்று தொடர்பாளர் ஒரு பக்க அறிக்கை தயாரித்து எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்ப வேண்டும்.